நல்ல தண்ணி, நல்லெண்ணெய், நல்ல பாம்பு

மதுரையில் வாடகைக்கு வீடு பார்க்கிறவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று: "நல்ல தண்ணி வருதா?" போர் தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாகத்தான் இருக்கும். ஆனால் அதில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, குடத்தின் உள்ளே வெள்ளையாகப் படை படியும். கால்சியமும் மக்னீசியமும் கரைந்த அந்தத் தண்ணீர் நமக்கு 'உப்புத் தண்ணி'. வைகை அணையிலிருந்து குழாயில் வருவதே 'நல்ல தண்ணி'. இங்கே 'நல்ல' என்றால் உப்புக் குறைந்தது. குடிநீரில் கரைந்த பொருள்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை போகலாம் என்கிறது இந்தியத் தரநிர்ணயம்.

நல்லெண்ணெயின் கதை வேறு. எள்ளின் நெய்தான் எண்ணெய். பிறகு தேங்காய், வேம்பு, கடலை என்று எதை ஆட்டி எடுத்தாலும் அதுவும் எண்ணெய் ஆனது. மண்ணெண்ணெய்கூட அந்தப் பெயரை வாங்கிக்கொண்டது. பெயருக்கு உரிய எள்ளெண்ணெயைத் தனித்துச் சொல்ல ஓர் அடைமொழி தேவைப்பட்டது. ஆகவே இந்த 'நல்'லுக்கு 'அசல்' என்றே நான் பொருள் கொள்வேன். குமரி மாவட்டத்தில் மிளகுக்கு நல்லமிளகு என்று பெயர். போர்த்துகீசியர் வழியாக வந்த மிளகாய், மிளகின் பெயரையும் காரத்தையும் பங்குபோட்டுக்கொண்ட பின் மிளகுக்கும் அதே நிலைதான்.

மதுரைப் பக்கத்துத் தெலுங்கு வீடுகளில் கேட்டுப் பாருங்கள். குடிநீர் 'மஞ்சி நீளு', நல்லெண்ணெய் 'மஞ்சி நூனெ'. மஞ்சி என்றால் நல்ல. அவர்கள் மொழியில் 'நல்ல' என்றால் கறுப்பு!

'நல்ல வெயில்' என்றால் கடுமை. 'நல்லா வேணும்' என்றால் ஏச்சு. 'நல்லது கெட்டது' என்றால் கல்யாணமும் சாவும்.

நல்ல பாம்பில் இருப்பது பயமும் பக்தியும். இரவில் பாம்பு என்று வாய்விட்டுச் சொல்லாமல் 'பூச்சி' என்கிற கிராமத்து வழக்கமும் அந்தப் பயத்தில் பிறந்ததுதான். பெயர் நல்லதே தவிர நஞ்சு நல்லதில்லை. அது நரம்பைத் தாக்கி மூச்சை நிறுத்தும். கடித்தால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், மந்திரிக்கப் போய் நேரத்தைக் கடத்தாதீர்கள். கடிபட்டவரை நடக்க விடாமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் கடிக்கும் அங்கே கொடுப்பது ஒரே மருந்துதான்.