மோதலில் தெரியும் வளையம்

யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் உண்டு என்பது 1977 மார்ச் 10 அன்று தெரியவந்தது. அந்தக் கோள் ஒரு விண்மீனை மறைப்பதைப் பார்க்க அமெரிக்கக் குழு விமானத்தில் பறந்தபோது, காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கியில் ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் காத்திருந்தனர். திண்டுக்கல் மாவட்டத்துக் கொடைக்கானல் வான் ஆய்வகத்தின் கிளையாக, ஜவ்வாது மலையில் வேணு பாப்பு உருவாக்கிய இடம் அது. கோள் மறைப்பதற்கு முன்னரே விண்மீனின் ஒளி சற்று மங்கி மீண்டது. துணைக்கோளாக இருக்கலாம் என்று காவலூரில் முதலில் கருதப்பட்டது. மங்கவைத்தது வளையம் என்பது பின்னர் உறுதியாயிற்று.

ஒளி மறைவது வளையத்தின் அகலத்தைச் சொல்லும். உள்ளே இருக்கும் துகள்களின் தன்மையை அறிய வேறு வழி வேண்டும். அந்தத் துகள்கள் ஓயாமல் ஒன்றோடொன்று மோதுகின்றன. எனவே மோதலையே ஆய்வகத்துக்குள் கொண்டுவந்தார்கள்.

கலிபோர்னியாவின் சாண்டா குரூஸில் பிரிட்ஜஸ், ஹாட்ஸெஸ், லின் ஆகியோர் சனியின் வளையங்களை மனத்தில் வைத்துச் செய்த சோதனை 1984-இல் வெளியானது. கடுங்குளிரூட்டிய பெட்டிக்குள், ஊசலில் பொருத்திய பனிக்கட்டி உருண்டை மெல்ல ஆடிவந்து பனிக்கட்டிப் பாளத்தில் மோதும். போன வேகத்தில் எவ்வளவு மிஞ்சித் திரும்புகிறது என்பதே அளவீடு. நொடிக்கு 1 செ.மீ. வேகத்தில் மோதினால் மூன்றில் ஒரு பங்கே மிஞ்சியது, 1 மி.மீ. வேகத்தில் பாதிக்கும் மேல் மிஞ்சியது. வேகமாக மோதும் துகளே அதிகம் இழக்கிறது. வேகம் இப்படி அடங்கிவிடுவதால்தான் சனியின் முதன்மை வளையங்கள் 2,70,000 கி.மீ. குறுக்களவு விரிந்தும், பல இடங்களில் பத்து மீட்டர் அளவே தடித்திருக்கின்றன. 

பனிக்கட்டியின் மேற்பரப்பில் உறைபனி படிந்ததும் கணக்கு மாறியது. துள்ளல் குறைந்தது, மிக மெதுவாகத் தொட்டால் ஒட்டிக்கொள்ளவும் செய்தது. இதுவே இச்சோதனைகளின் பெரிய பயன்: வளையத் துகளைக் கெட்டியான கல்லாக மட்டும் எண்ண முடியாது, கூடிக்கூடிப் பிரியும் திரளாகவும் கொள்ள வேண்டும்.

துகளில் என்ன கலந்திருக்கிறது என்பதற்கு அதிவேக மோதல் உதவியது. காசினி விண்கலத்தின் தூசிக்கருவியில் சனியின் ஈ (E) வளையத் துகள்கள் நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் மோதிச் சிதறி, மின்னூட்டம் பெற்ற துணுக்குகளாயின. அவற்றின் நிறையைக் கருவி பதிந்தது. அந்தப் பதிவைப் புரிந்துகொள்ள, ஜெர்மனியில் உப்புநீர்த் தாரையை லேசரால் சிதறடித்து ஒப்பிட்டனர். இரண்டும் பொருந்தின. ஈ வளையத்துக்குத் துகள்களை வழங்கும் என்செலடஸ் துணைக்கோளின் பனி ஓட்டுக்கடியில் உப்புநீர் உண்டு என்ற முடிவு 2009-இல் வெளியானது.