நீள்வீச்சு எஞ்சினும் பழைய பிக்கப் வண்டியும்

மோட்டார் வண்டிகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் குதிரைத்திறனையே எடுத்துக் கூறுவர். பாரம் இழுக்கும் வண்டிக்கு அவ்வெண் ஒன்றே போதிய சான்றாகாது. மேட்டில் ஏறும்போதும், பின்னே ஓர் இழுவை வண்டியைப் பூட்டி நின்ற நிலையிலிருந்து புறப்படும்போதும் ஓட்டுநர் வேண்டுவது சக்கரத்தைத் திருப்பும் ஆற்றலேயாம். அதனை முறுக்குவிசை என்கிறோம். பழைய பிக்கப் வண்டியொன்றின் எஞ்சினில் அம்முறுக்குவிசையை மிகுவிக்கும் பொருட்டு அமெரிக்க நாட்டு வினைஞர் கையாண்டுவரும் முறையொன்று உண்டு. அவர்கள் அதனை ‘ஸ்ட்ரோக்கர்’ என வழங்குவர். நாம் நீள்வீச்சு முறை என்போம். பௌதிக வகுப்பிற் கற்கும் எளிய விதிகள் இரும்பில் எவ்வாறு உருப்பெறுகின்றன என்பதையும், அவற்றுள் ஒன்றைப் புறக்கணித்தாலும் செய்த வேலை முழுதும் எவ்வாறு பாழாகும் என்பதையும் இம்முறை நன்கு விளக்குமாதலின், அதனை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

முதற்கண் முறுக்குவிசைக்கும் குதிரைத்திறனுக்கும் உள்ள வேற்றுமையை அறிதல் வேண்டும். திரிகையின் கைப்பிடி மையத்திலிருந்து ஓரடி தள்ளி இருக்க, அதனை 10 இராத்தல் விசையுடன் தள்ளினால் அங்கே செயற்படும் முறுக்குவிசை 10 அடி-இராத்தல் ஆகும். கைப்பிடி ஒன்றரை அடி தள்ளியிருப்பின் அதே கைவலிமை 15 அடி-இராத்தலைத் தரும். இத்திருப்பம் நிமிஷத்திற்கு எத்தனை முறை நிகழ்கிறது என்பதும் சேர்ந்தபோதே குதிரைத்திறன் கணக்கிற்கு வரும். நிமிஷத்தில் 33,000 அடி-இராத்தல் வேலையை ஜேம்ஸ் வாட் ஒரு குதிரைத்திறன் என வகுத்தார். ஆகவே முறுக்குவிசையைச் சுற்றெண்ணாற் பெருக்கி 5,252 ஆல் வகுத்தால் குதிரைத்திறன் கிடைக்கும். சிறு முறுக்குவிசை மிக விரைந்து சுழன்றாலும், பெரு முறுக்குவிசை மெல்லச் சுழன்றாலும் இவ்விடை ஒன்றாகவே இருத்தல் கூடும். முன்னது பந்தய வண்டிக்கு உரியது. பின்னது பாரவண்டிக்கு உரியது.

இனி, செவ்ரோலே கம்பெனியார் 1967 முதல் 1972 வரை செய்த சி-10 என்னும் பிக்கப் வண்டிகளுள் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதன் பின்சக்கரம் 28 அங்குல விட்டமுடையதாகவும், பின்னச்சின் பற்சக்கர விகிதம் 3.73 ஆகவும் இருப்பின், மேல் கியரில் மணிக்கு 60 மைல் செல்லும்போது எஞ்சின் நிமிஷத்திற்கு ஏறத்தாழ 2,700 முறை சுழலும். பாரத்துடன் மெல்லச் செல்லுங்கால் இன்னுங் குறைவாகச் சுழலும். ஆதலின் 6,000 சுற்றிற் பெரிய எண்ணைக் காட்டும் எஞ்சின் இவ்வண்டிக்குப் பயன்படாது. 1,500 முதல் 3,500 சுற்றுக்குள் எது வலிமையுடன் இழுக்கின்றதோ அதுவே தக்கது.

அக்கம்பெனியாரின் சிறிய எட்டுச் சிலிண்டர் எஞ்சின் 1955-ஆம் ஆண்டு 265 கன அங்குலக் கொள்ளளவுடன் வெளிவந்தது. 1967-இல் அவ்வினத்தில் 350 கன அங்குல எஞ்சின் தோன்றியது. அதன் சிலிண்டர் உள்விட்டம் 4 அங்குலம். பிஸ்டன் மேலுங்கீழுஞ் செல்லும் வீச்சு 3.48 அங்குலம். 1970-இல் 400 கன அங்குல எஞ்சின் வந்தது; அதன் வீச்சு 3.75 அங்குலம். இவ்விரண்டையும் ஒப்பிட்டு நோக்கிய வினைஞர், 400 எஞ்சினின் கிராங்கைத் தக்கவாறு கடைந்து 350 எஞ்சினின் பிளாக்கில் அமைத்தனர். தேய்ந்த சிலிண்டரை அங்குலத்தில் ஆயிரத்தில் 30 பங்கு விரிவாக்கிச் சீர்செய்தபின், கொள்ளளவு 383 கன அங்குலமாயிற்று. இதுவே பெயர்பெற்ற 383 நீள்வீச்சு எஞ்சின். பிற்காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியாரே எச்.டி. 383 என்னும் பெயரில் இத்தகைய எஞ்சினைப் பாரவண்டிகளுக்கென விற்றனர்.

சிலிண்டரை மேலும் அகலமாக்கினாற் போதாதோ, வீச்சை நீட்டுவானேன் எனச் சிலர் வினவலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். பழைய வீச்சையே வைத்துக்கொண்டு, உள்விட்டத்தை ஆயிரத்தில் 60 பங்கு கூட்டினால் 350 என்பது 360 ஆகும். பத்துக் கன அங்குலமே மிகும். சுவரோ மெலிந்துவிடும், மெலிந்த சுவர் சூட்டில் வளையும், வெடிக்கவுங் கூடும். உள்விட்டத்தைத் தொடாது வீச்சை மட்டும் 3.75 ஆக்கினால் 377 கன அங்குலங் கிடைக்கும். ஒன்றில் வார்ப்பிரும்பை இழந்து சிறிது பெறுகின்றோம்; மற்றொன்றிற் சுவரை இழவாமலே பெரிது பெறுகின்றோம். வண்டியோடு வந்த பழைய பிளாக்கைக் கெடுத்துவிட்டால் அதனை மீளப் பெறுதல் அரிதாகலின், இவ்வேற்றுமை சிறியதன்று.

முறுக்குவிசை எவ்வளவு மிகும்? நான்கு வீச்சு எஞ்சின் தன் ஒரு தொழிற்சுழலை இரண்டு சுற்றில் முடிக்கின்றது. சிலிண்டரிற் செயற்படும் சராசரிப் பயன் அழுத்தத்தைக் கொள்ளளவாற் பெருக்கி 4π ஆல் வகுத்தால் முறுக்குவிசை கிடைக்கும். அவ்வழுத்தம் சதுர அங்குலத்திற்கு 145 இராத்தல் எனக் கொண்டால், 350 எஞ்சின் 336 அடி-இராத்தலும், 383 எஞ்சின் 368 அடி-இராத்தலும் தரும். 2,700 சுற்றில் இவை முறையே 173, 189 குதிரைத்திறனுக்குச் சமம். ஏறத்தாழ நூற்றுக்கு 9 பங்கு ஆதாயம், எஞ்சினை விரைந்து சுழற்றாமலே கிட்டுகின்றது.

நிற்க. இவ்வாதாயம் இனாமாக வருவதன்று. கிராங்கின் கை 1.74 அங்குலத்திலிருந்து 1.875 அங்குலமாக, அதாவது 0.135 அங்குலமே நீள்கின்றது. ஆயினும் இச்சிறு நீட்சி எஞ்சினின் ஒவ்வோருறுப்பிடமும் கணக்குக் கேட்கின்றது.

முதலாவது பிஸ்டன். பழைய எஞ்சினில் கிராங்கின் கை 1.74, கனெக்டிங் ராடு 5.7, பிஸ்டன் ஊசியிலிருந்து அதன் தலைவரை 1.56 ஆக மொத்தம் 9 அங்குலம். பிளாக்கின் உயரம் 9.025 அங்குலம். கையை நீட்டிப் பழைய பிஸ்டனையே இட்டால், அது பிளாக்கின் மேற்றளத்தைக் கடந்து 0.11 அங்குலம் வெளியே தலைநீட்டி, மேல்மூடியில் மோதும். ஆகவே ஊசியை உயர்த்தி அமைத்த, 1.425 அங்குல உயரமுள்ள பிஸ்டன் வேண்டும். அப்போது மொத்தம் மீண்டும் 9 அங்குலமாகும்.

இரண்டாவது அழுத்த விகிதம். 383 எஞ்சினில் ஒரு பிஸ்டன் ஒரு வீச்சிற் கடக்கும் இடம் 784 கன சென்டிமீட்டர். மேல்மூடியின் குழி, காஸ்கெட், எஞ்சிய இடைவெளி யாவுஞ் சேர்ந்து 83 கன சென்டிமீட்டராயின் விகிதம் 10.4 ஆகும். வார்ப்பிரும்பு மூடியுடன் சாதாரணப் பெட்ரோலிற் பாரம் இழுக்கும் வண்டிக்கு இது மிகையாம். பெட்ரோல் தானே வெடித்துப் பிஸ்டனை உடைக்கும் அபாயம் நேரும். பிஸ்டனின் தலையில் இன்னுஞ் சிறிது பள்ளம் அமைத்து அவ்விடத்தை 96 ஆக்கினால் விகிதம் 9.2 ஆகக் குறையும். அதிக அழுத்தம் அதிக வலிமை என்றெண்ணி இதனை விட்டுவிடுவோர் முதற் கோடையிலேயே பலன் அறிவர்.

மூன்றாவது இடம். நீண்ட கை பெரிய வட்டத்திற் சுழலுகின்றது. கனெக்டிங் ராடின் போல்ட்டுகள் பிளாக்கின் கீழ்விளிம்பிலும் கேம் ஷாப்டிலும் உரசக்கூடும். ஆதலின் பிளாக்கின் விளிம்பைச் சிறிது அரைத்து வழிவிடுதல் வேண்டும். அளவின்றி அரைத்தால் நீரோடும் அறை துளைபடும். எல்லா உறுப்பையும் ஒருமுறை வெறுமனே பூட்டிக் கையாற் சுழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் இடைவெளியை அளந்தறிந்த பின்னரே இறுதிப் பூட்டுதல் செய்தல் நன்று.

நான்காவது சமநிலை. 400 எஞ்சினின் கிராங்கு முன்புறத் தணிப்பானிலும் பின்புறச் சக்கரத்திலும் எடை சேர்த்துச் சமன்செய்யப்பட்டது; 1985 வரை வந்த 350 எஞ்சினின் கிராங்கோ தன்னுள்ளேயே சமமானது. எவ்வகைக் கிராங்கை இட்டோமோ அவ்வகைத் தணிப்பானையும் சக்கரத்தையுமே பூட்டவேண்டும். இரண்டையுங் கலந்தால் எஞ்சின் நடுங்கி, பேரிங்குகளைச் சில நாட்களிற் குலைத்துவிடும். அன்றியும் 400 எஞ்சினின் கிராங்கில் மைய ஜர்னல் 2.65 அங்குலம், 350-இல் 2.45 அங்குலம், எனவே பழைய முறையில் அதனைக் கடைந்தே இடவேண்டும். இக்காலத்தில் 3.75 வீச்சும் 2.45 ஜர்னலும் உடைய கிராங்குகள் ஆயத்தமாகவே விற்கப்படுகின்றன.

ஐந்தாவது வேகம். 5,000 சுற்றிற் பழைய பிஸ்டன் நிமிஷத்திற்குச் சராசரி 2,900 அடி செல்ல, நீள்வீச்சுப் பிஸ்டன் 3,125 அடி செல்லும். தேய்வும் ராடின் மீது வரும் இழுப்பும் மிகும். ஆகலின் இவ்வெஞ்சினை உயர்ந்த சுற்றிற்கு ஓட்ட முயல்வது இதன் இயல்புக்கு மாறானது.

உறுப்புகள் பொருந்தியபின் எஞ்சின் சுவாசிக்கும் வகையை ஆராய்தல் வேண்டும். வால்வுகளை நெடுநேரந் திறந்து வைக்கும் கேம் ஷாப்ட், விரைந்த சுற்றிற் காற்றை நிரம்ப உட்கொள்ளும்; மெல்லிய சுற்றிலோ உட்புகுந்த காற்றையே திருப்பி வெளியிடும். பாரவண்டிக்குக் குறுகிய கால அளவுடைய கேமே ஏற்றது. ஆயிரத்தில் 50 பங்கு எழுச்சியில் 210 முதல் 220 பாகை வரை கொள்வது பெரும்பாலும் தகும். காற்றுக்குழல்களையும் மிகப் பெரிதாக்கலாகாது. அகன்ற குழலில் மெல்லிய சுற்றிற் காற்று சோம்பி நிற்கும். குறுகிய குழலிலோ விரைந்தோடிப் பெட்ரோலை நன்கு கலந்து கொணரும். மெல்லச் சுழன்று இழுக்கும் எஞ்சினைக் கட்டுவோன், பெரிது எனக் கடையிற் கண்டதையெல்லாம் வாங்காமலிருத்தலே முதற் சிக்கனமாகும்.

தட்டையான டாப்பெட் உடைய புதுக் கேம் ஷாப்டாயின், முதன்முறை கிளப்பியவுடன் மெல்ல ஓடவிடாமல் ஏறத்தாழ 2,000 சுற்றில் இருபது முப்பது நிமிஷம் ஓட்டவேண்டும். துத்தநாகச் சேர்ப்புள்ள எண்ணெயும் வேண்டும். கேமின் முனைக்குத் தெறித்து விழும் எண்ணெயே உயிர். மெல்லிய சுற்றில் அது போதிய அளவு தெறிக்காது. பல நாள் உழைப்பு அந்த அரைமணிக்குள்ளே வாழ்தலும் உண்டு, அழிதலும் உண்டு.

எஞ்சினோடு கடமை முடிந்ததன்று. மிகுந்த முறுக்குவிசை கிளச்சு, கியர்ப்பெட்டி, புரொப்பெல்லர் ஷாப்ட், பின்னச்சு ஆகிய எல்லாவற்றின் வழியாகவே தரையை அடைகின்றது. மிகுந்த வெப்பத்தை ரேடியேட்டர் ஆற்றவேண்டும். பெரும்பாரத்தை இழுக்கும் வண்டி அப்பாரத்துடன் நிற்கவும் வேண்டும். அறுபதுகளில் அமைந்த டிரம் பிரேக்கைச் சோதியாது எஞ்சினை மட்டும் பெருக்குதல் அறிவுடைமையாகாது. அங்ஙனஞ் செய்தவன் தன் உயிரோடு வழியிற் செல்வோர் உயிரையும் பணயம் வைத்தவனாவான்.

இவற்றால் விளங்குவது யாது? ஓருறுப்பைக் காலங்குலமேனும் மாற்றப் புகுந்தவன், அதனோடு இணைந்த யாவற்றிற்கும் பொறுப்பேற்றல் வேண்டும். ஆயிரத்தில் ஒரு பங்கை அளக்கும் மைக்ரோமீட்டரும், பென்சிலும் தாளும் இத்தொழிலிற் சுத்தியலுக்கு முன் எடுக்கப்பட வேண்டிய கருவிகள். நம் மாணவருட் சிலர் பிற்காலத்தில் எஞ்சின்களுடன் பழகுந் தொழிலை மேற்கொள்ளலாம். அவர்கள் பழைய எஞ்சினொன்றைத் திறக்கும்போது, முதலில் அளந்து, பிறகு கணக்கிட்டு, அதன் பின்னரே அரைக்கக் கற்பாராயின், குப்பையிற் சேரவிருந்த வண்டிகள் பல இன்னும் நெடுங்காலம் பாரம் இழுக்கும்.