வலியில்லாத கட்டியும் மதுரைப் பாதமும்

உடம்பில் ஒரு கட்டி எழும்பினால், "வலிக்கிறதா?" என்பதே நம்மவர் முதலில் கேட்கும் கேள்வி. இல்லையெனில் பற்றுப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுகின்றனர். பல கட்டிகள் வெறும் கொழுப்புத் திரட்சியாகவே இருப்பதால் இப்பழக்கம் பலரைக் கெடுப்பதில்லை. ஆயினும் பாதத்தில் தோன்றி, வலியின்றி மாதக்கணக்கில் பெருத்துவரும் கட்டியை, வெறுங்காலோடு வயலில் உழைக்கும் அங்கத்தினர்கள் அவ்வாறு விட்டுவிடலாகாது.

அதற்கு 'மதுரைப் பாதம்' என்ற பெயர் உலக வைத்திய நூல்களில் வழங்குகிறது. 1842-ஆம் ஆண்டில் மதுரை மருந்தகத்தைச் சேர்ந்த டாக்டர் கில் இதைக் குறித்து எழுதினார். (மதுரைக்கு எத்தனையோ பெருமைகள் இருக்க, இதுவும் வந்து சேர்ந்தது!) 2016-இல் உலக சுகாதார ஸ்தாபனம், புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் இதனைச் சேர்த்தது. புறக்கணிப்பு என்ற சொல் பொருத்தமானதே. ஏழைக் குடியானவனின் காலை நாடும் நோய் இது.

மண்ணில் வாழும் கிருமி, முள் தைத்த புண்ணின் வழியே உள்ளே புகுகிறது. முள் குத்தியது மறந்துபோன பின்னரே கட்டி தலைகாட்டும். நாளடைவில் பாதம் வீங்கி, ஆங்காங்கே துவாரங்கள் திறந்து, சீழோடு சிறு குருணைகள் வெளிப்படும். எலும்பும் அரிக்கப்படும். முற்றினால் காலையே எடுக்க நேரிடும். உழவனுக்கும், குழித்தறியில் மிதி மிதிக்கும் நெசவாளிக்கும் அதன் பொருள் என்னவென்று நாம் சொல்ல வேண்டுவதில்லை. ஒருவரிடமிருந்து ஒருவருக்கு இது தொற்றுவதில்லை; ஆகவே நோயாளியை ஒதுக்குவது அநியாயம்.

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். இந்நோயை உண்டாக்குவன இரு இனங்கள்: ஒன்று பாக்டீரியா, மற்றொன்று பூசணம். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். மருந்தோ முற்றிலும் வேறு. முன்னதற்கு உரிய மருந்துகளைப் பல மாதங்கள் உட்கொண்டால் பெரும்பாலும் குணமாகும். பின்னதற்குப் பூசணத்தை அழிக்கும் மருந்து நெடுங்காலம் தேவை; பலருக்கு அறுவையும் வேண்டியிருக்கும். இனம் அறியாமல் மாத்திரை விழுங்குவது, பற்றுச்சீட்டைப் பாராமல் பணம் பட்டுவாடா செய்வதை ஒக்கும். அரைகுறையாகக் கீறினாலோ கட்டி மீண்டும் எழும்.

இனத்தை அறிய, குருணையை நுண்ணோக்கியின் கீழ் பார்க்க வேண்டும். கருங்குருணை பூசணத்தைக் காட்டும். செந்நிறம் பாக்டீரியாவைக் காட்டும். வெண்மையும் மஞ்சளும் இரண்டிலும் வருமாதலால் நிறம் மட்டும் போதாது. ஆழத்திலிருந்து சிறிது சதையை எடுத்துச் சோதிப்பார்கள். கிருமியை வளர்த்தும் பார்ப்பார்கள். எலும்பின் நிலையை எக்ஸ்ரே காட்டும். மேற்புறச் சீழை மட்டும் துடைத்துச் சோதித்து, "ஒன்றுமில்லை" என்று முடிவு வந்தால் அதோடு நின்றுவிடலாகாது. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் தோல் நோய்ப் பிரிவு உண்டு. அங்கே செல்லுதல் நலம். செய்யும் தொழில், முள் தைத்த விவரம், கட்டி தோன்றிய காலம் ஆகியவற்றைக் கேளாமலே சொல்லிவிடுங்கள். துவாரம் திறந்திருந்தால் முதல் நாளிரவு சுத்தமான மெல்லிய துணியை அதன்மேல் கட்டி வையுங்கள். காலையில் குருணைகள் அதில் ஒட்டியிருக்கக்கூடும். அத்துணியை எறியாமல் டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.