உங்க பேங்க்கை யார் நடத்துறாங்க? லட்சுமி விலாஸ் வங்கி தந்த பாடம்



காரைக்கால்ல இருந்து வாஞ்சூர் தாண்டி நாகூருக்குள்ள நுழைஞ்சா பெட்ரோல் விலையே மாறிடும். இந்தப் பக்கம் புதுச்சேரி அரசு, அந்தப் பக்கம் தமிழ்நாடு அரசு. ஆனா உங்க சம்பளம் வந்து விழுற பேங்க்குக்கு அந்த எல்லை கிடையாது. ரெண்டு பக்கமும் கண்காணிக்கிறது ரிசர்வ் வங்கிதான்.

லாபம் எவ்வளவு, வாராக்கடன் எவ்வளவுன்னு மட்டும் ரிசர்வ் வங்கி பார்க்கிறதில்ல. "இந்த பேங்க்கை யார் நடத்துறாங்க? தப்பு நடந்தா அவங்களைத் தட்டிக் கேட்க உள்ளேயே ஆள் இருக்கா?" இதையும் பார்க்குது. இதைத்தான் கவர்னன்ஸ்னு சொல்றாங்க.

என்னென்ன பார்ப்பாங்க?

1. தலைமை: தனியார் பேங்க்ல ஒருத்தர் எம்.டி. ஆகணும்னா ரிசர்வ் வங்கி ஒப்புதல் வேணும். 2021 ஏப்ரல்ல வந்த விதிப்படி, ஒருத்தரே 15 வருஷத்துக்கு மேல அந்த நாற்காலியில தொடர முடியாது.

2. போர்டு: தலைவர் சுயேச்சை இயக்குநரா இருக்கணும். ஆடிட் கமிட்டியில தினசரி நிர்வாகத்துல இருக்கிற யாரும் உட்காரக் கூடாது. தன் கணக்கைத் தானே திருத்தினா எல்லாருமே நூத்துக்கு நூறுதானே!

3. ரிஸ்க் அதிகாரி: இவருக்கு பிசினஸ் டார்கெட் தரக் கூடாது. கடன் கொடுத்தாதான் தனக்கு இன்சென்டிவ்னு இருக்கிறவர், "இந்தக் கடன் ஆபத்து"ன்னு எப்படிச் சொல்வார்?

4. கணக்கு: பேங்க் காட்டுற வாராக்கடனும், ரிசர்வ் வங்கி ஆய்வுல கண்டுபிடிக்கிற வாராக்கடனும் ஒத்துப்போகுதான்னு பார்ப்பாங்க. இடைவெளி பெருசா இருந்தா பேங்க் அதை வெளியே சொல்லியே ஆகணும்.

கரூர்ல என்ன நடந்தது?

1926-ல் கரூர்ல தொடங்கின பேங்க் லட்சுமி விலாஸ். வியாபாரிகளுக்குக் கடன் கொடுத்து வளர்ந்த பேங்க், பிற்காலத்துல பெரிய கம்பெனிக் கடன்கள் பக்கம் போச்சு. அதுல பல கடன்கள் திரும்பி வரல. 2020 மார்ச்சோட முடிஞ்ச மூணு நிதியாண்டும் நஷ்டம்.

2019 செப்டம்பர்ல ரிசர்வ் வங்கி 'பிசிஏ' எனப்படும் கட்டுப்பாட்டுக்குள்ள இந்த பேங்க்கைக் கொண்டு வந்தது. ஒரு வருஷம் கழிச்சு, 2020 செப்டம்பர் 25 அன்னிக்கு, பங்குதாரர்களே ஓட்டுப் போட்டு எம்.டி. உட்பட 7 இயக்குநர்களை வெளியே அனுப்பிட்டாங்க. பேங்க்கை நடத்த 3 சுயேச்சை இயக்குநர்கள் கொண்ட குழு வந்தது.

நவம்பர் 17: மாரட்டோரியம். கணக்குல எவ்வளவு இருந்தாலும், மருத்துவம், படிப்பு, கல்யாணம் மாதிரி அவசரம் தவிர, 25,000 ரூபாய்க்கு மேல எடுக்க முடியாது. நஷ்டத்தோட சேர்த்து, நிர்வாகக் கோளாறுகளையும் ரிசர்வ் வங்கி காரணமாச் சொன்னது.

நவம்பர் 27-ல் டிபிஎஸ் பேங்க் இந்தியாவோட இணைச்சாங்க. டெபாசிட் போட்டவங்க பணம் பத்திரமா வந்துடுச்சு. ஆனா பங்கு வாங்கினவங்களுக்குக் கிடைச்சது பூஜ்யம். சுமார் 318 கோடி ரூபாய்க்கான டயர்-2 பாண்டுகளும் அப்படியே போச்சு. ஒரே பேங்க்தான், ஆனா டெபாசிட் வேற, பங்கு வேற. இதை மறக்காதீங்க.

நீங்க என்ன பார்க்கலாம்?

ரிசர்வ் வங்கியோட ஆய்வு அறிக்கை சாதாரணமா நம்ம கைக்கு வராது. ஆனா அதோட தடயம் வெளியே தெரியும். எம்.டி.யோட பதவி நீட்டிப்பைக் குறைக்கிறது ஒண்ணு. யெஸ் பேங்க்ல 2018 செப்டம்பர்ல அதுதான் நடந்தது. 2020 மார்ச்ல மாரட்டோரியம் வந்தது. சுயேச்சை இயக்குநர்கள் அடுத்தடுத்து ராஜினாமா பண்றது, ஆடிட்டர் பாதியில விலகுறது, பிசிஏ அறிவிப்பு இதெல்லாம் மத்த தடயங்கள். ஒரே ஒரு அபராதச் செய்தியைப் பார்த்துப் பதற வேண்டாம். இதுல ரெண்டு மூணு சேர்ந்து வந்தா உஷாராகிடுங்க.

இந்த மாசமே செய்யுங்க

டெபாசிட் காப்பீடு ஒரு பேங்க்ல ஒருத்தருக்கு, வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரைக்கும்தான். காரைக்கால் கிளையில 3 லட்சம், நாகப்பட்டினம் கிளையில 3 லட்சம்னு ஒரே பேங்க்ல வெச்சா அது மொத்தம் 6 லட்சம். காப்பீடு 5 லட்சத்துக்குத்தான்.

அவசரகாலப் பணத்தை ரெண்டு பேங்க்ல பிரிச்சு வைங்க. ஒரு மாச வாடகை, ஈஎம்ஐ, வீட்டுச் செலவுக்கான தொகையாவது சம்பளக் கணக்கு இல்லாத இன்னொரு பேங்க்ல இருக்கட்டும். 25,000 ரூபாய் கட்டுப்பாடு வர்ற நாள்ல கை கொடுக்கப் போறது அந்த ரெண்டாவது கணக்குதான்.

பேங்க் பங்கு வெச்சிருக்கீங்களா? ஆண்டறிக்கையில போர்டு பத்தின பக்கத்தை எப்பவாவது திறந்து பார்த்திருக்கீங்களா? கமென்ட்ல சொல்லுங்க. அந்தப் பக்கத்தை எப்படிப் படிக்கணும்னு அடுத்த வீடியோவுல பார்ப்போம்.