வாடகை வீடு வாங்கும் முன் கல்லாவைப் பாருங்கள்

கடையில் நாலு காசு மிஞ்சினால் நம் வணிகப் பெருமக்களின் கண் முதலில் போவது மண்ணின் மேல்தான். சீட்டு எடுத்த பணம், மகன் வளைகுடாவிலிருந்து அனுப்பிய பணம், இரண்டு தீபாவளியில் நின்ற லாபம் எல்லாம் சேர்ந்து மனையாகவோ வாடகை வீடாகவோ ஆகிவிடுகிறது. அதில் தவறில்லை. ஆனால் ஒரு மூட்டை துவரம்பருப்புக்கு நாலு மண்டியில் விலை கேட்பவர்கள்கூட, வீடு என்று வரும்போது தரகர் சொல்லும் கணக்கை அப்படியே ஏற்றுக்கொள்வதைப் பார்க்கிறோம். தூத்துக்குடியில் முதன்முறையாக வாடகைக்கு விடச் சொத்து வாங்க நினைப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

கணக்குக்காக ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். விலை ரூ.40 லட்சம், மாத வாடகை ரூ.10,000. முத்திரைத் தீர்வையும் மாற்று வரியும் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். முழு விலைக்கும் பத்திரம் போட்டால் ரூ.3,60,000 ஆகிறது. தரகும் எழுத்துக்கூலியும் தனி. வருட வாடகை ரூ.1,20,000 என்பார் தரகர். ஒரு குடும்பம் காலி செய்து மறு குடும்பம் வருவதற்குள் ஒரு மாதம் போய்விடும். வீட்டு வரி, வெள்ளையடிப்பு, மோட்டார் ரிப்பேர் என்று ரூ.20,000 ஒதுக்கினால் கையில் நிற்பது ரூ.90,000. போட்ட முதலுக்கு 2 சதவீதத்தை ஒட்டித்தான் வருகிறது. வங்கி வைப்பு நிதியே இதைவிட அதிகம் தரும். ஆக, மனை விலை ஏறும் என்ற நம்பிக்கையும் சேர்ந்தால்தான் இந்தக் கணக்கு நேராகும். அந்த நம்பிக்கைக்கு யாரும் ஜாமீன் நிற்பதில்லை.

கடன் வாங்கினால் நிலைமை இன்னும் இறுகும். ரூ.25 லட்சத்தை 9 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய ரூ.22,500. வாடகை போக ரூ.12,500 மாதாமாதம் கல்லாவிலிருந்து எடுக்க வேண்டும். வருடத்துக்கு ஒன்றரை லட்சம். பல சிறு கடைகளுக்கு அதுதான் பண்டிகைச் சரக்கின் முதல். மண்டிக்காரருக்கு இரண்டு முறை தவணை தவறினால் மூன்றாவது லோடு வராது. எனவே கடையில் சுழலும் பணத்தைத் தொடாமல், மூன்று மாதக் கொள்முதலுக்கும் ஆறு மாதத் தவணைக்கும் தனியே எடுத்து வைத்த பிறகு மிஞ்சுவதை மட்டும் சொத்தில் போடுங்கள் என்பது நம் கருத்து.

நம் பக்கத்தில் ஒத்திக்கு விடும் பழக்கம் உண்டு. குடியிருப்பவர் மொத்தமாக ஒரு தொகை கொடுத்து வாடகையில்லாமல் இருப்பார். போகும்போது முழுத் தொகையையும் திருப்ப வேண்டும். இந்தப் பணம் கைக்கு வந்ததும் சரக்கில் போட ஆசை வரும். போடாதீர்கள். அவர் காலி செய்கிறேன் என்று வரும் நாள் உங்களுக்குப் பணமுடை நாளாகவே இருக்கும். வாங்கப்போகும் வீட்டில் ஒத்திக்காரர் இருக்கிறாரா என்றும் நேரில் கேளுங்கள். பதிவு செய்யாத ஒத்தி வில்லங்கச் சான்றில் வராது.

அடுத்தது தண்ணீர். ஊரின் பல பகுதிகளில் போர் தண்ணீர் உப்பு. வல்லநாட்டிலிருந்து வரும் தாமிரபரணித் தண்ணீரை நம்பித்தான் அடுப்பு எரிகிறது. குழாய் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்பதைப் பொறுத்தே வாடகையும் நிற்கும், குடித்தனக்காரரும் நிற்பார். உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்வதால் பழைய வீட்டின் மேல்தளத்தை அண்ணாந்து பார்க்காமல் முன்பணம் தரவேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது, தூத்துக்குடியில் பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. வாங்கப்போகும் தெருவில் எவ்வளவு உயரம் நின்றது என்பதை விற்பவரிடம் கேட்டுப் பயனில்லை. தெருமுனை மளிகைக்கடைக்காரரைக் கேளுங்கள். எந்த மூட்டை வரை நனைந்தது என்று அவர் மறந்திருக்க மாட்டார்.

யாருக்கு வாடகைக்கு விடப்போகிறீர்கள் என்பதும் முக்கியம். முத்துக்குளிப்புக் காலத்தில் கடற்கரையில் பந்தல் கடை போட்டவர்கள், சில வாரங்களில் கூட்டம் கலைந்துவிடும் என்று தெரிந்தே போட்டார்கள். 1961க்குப் பிறகு அந்தக் குளிப்பும் இல்லை. 2018 மே மாதம் அரசு ஆணையால் தாமிர ஆலை மூடப்பட்டபோது, அந்த ஒரே ஆலையின் ஆட்களை நம்பி வீடு விட்டவர்கள் வேறு ஆள் தேட வேண்டியிருந்தது. இப்போது சில்லாநத்தத்தில் 2025 ஆகஸ்டில் மின்சாரக் கார் ஆலை திறந்திருப்பதைச் சொல்லி மனை விற்கிறார்கள். ஆலை நல்லதுதான். ஆனால் துறைமுகம், அனல்மின் நிலையம், கல்லூரி, ஆஸ்பத்திரி எனப் பலதரப்பட்டவர்களும் வந்து கேட்கும் தெருவே நமக்குப் பாதுகாப்பு.

மனை என்றால் நகர ஊரமைப்பு அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்கு 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டதும், 2017இல் வரன்முறைத் திட்டம் வந்ததும் நினைவிருக்கும். மூலப்பத்திரம், முப்பது வருட வில்லங்கம், பட்டா, வாரிசுகளின் கையெழுத்து இவற்றை வக்கீலிடம் காட்டாமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது.

வாடகைச் சட்டமும் மாறிவிட்டது. 1960ஆம் ஆண்டுச் சட்டம் போய், 2017ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடப்பில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகார அமைப்பிடம் பதியவும் வேண்டும்.

இன்னொன்று நம்மவர்களுக்கே உரியது. ஜி.எஸ்.டி. பதிவு உள்ள வியாபாரி தன் பெயரிலுள்ள கடையை வாடகைக்கு விட்டால், வாடகை சிறிதானாலும் 18 சதவீத வரி உண்டு. பதிவு இல்லாத ஒரு குடும்பத்துக்குக் குடியிருக்க வீடு விட்டால் அந்த வரி இல்லை. பத்திரம் யார் பெயரில் என்பதை முடிவு செய்யும் முன்பே ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள். 10 லட்சம் வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைகிறது.

எங்களைக் கேட்டால், முதல் சொத்து நீங்கள் இப்போது வாடகை கொடுக்கும் கடைக்கட்டடமாகவே இருக்கட்டும். சொந்தக்காரர் விற்பாரா என்று ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள். மாடியில் ஒரு குடித்தனம் வைத்தால், வாடகை வாங்க நீங்கள் படியேறினால் போதும்.