புயலடித்த ஊருக்குச் சுற்றுலா போகலாமா?

புயல் புரட்டிப்போட்ட ஊருக்கு உல்லாசப் பயணம் போவது, சாவு வீட்டில் விருந்து கேட்பதைப் போல என்று பலருக்கும் தோன்றும். நல்ல மனசுக்காரர்களுக்குத்தான் அந்தக் கூச்சம் வரும். ஆனால் வெளியாட்களின் வரவை நம்பியே அடுப்பெரியும் ஊர்களில், அந்தக் கூச்சமே இரண்டாவது அடியாக விழுகிறது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து மலைநகரமான ஆஷ்வில்லின் அனுபவம் இதைத்தான் காட்டுகிறது.

2024 செப்டம்பர் 26 இரவு ஃபுளோரிடாவில் நான்காம் வகைப் புயலாகக் கரையேறிய ஹெலீன், மறுநாள் கடலிலிருந்து வெகுதூரம் தள்ளியிருக்கும் அப்பலாச்சிய மலைகளில் பேய்மழையாகக் கொட்டியது. முந்தைய நாட்களின் மழையிலேயே மண் ஊறிக்கிடந்ததால் சரிவுகள் பெயர்ந்து வந்தன. ஆஷ்வில்லில் பிரெஞ்சு பிராட் ஆறு 24.67 அடிக்கு ஏறி, 1916ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தையும் மிஞ்சியது. ஆற்றோரத்துப் பழைய ஆலைக் கட்டடங்களில் ஓவியர்களும் மண்பாண்டக் கலைஞர்களும் பட்டறை வைத்திருந்த ரிவர் ஆர்ட்ஸ் பகுதியில் பெரும்பங்கு சேற்றுக்குள் போனது. மாநிலத்தில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். நீர்த்தேக்கத்திலிருந்து வரும் பெரிய குழாய்களே அடித்துச் செல்லப்பட்டதால், நகரக் குழாயில் குடிக்கத் தகுந்த தண்ணீர் வர 53 நாட்கள் ஆயின.

காடெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக மாறும் அக்டோபர்தான் அந்த மலைகளுக்கு வருமானம் தரும் மாதம். அந்த மாதத்தில், அவசியமில்லாமல் யாரும் வராதீர்கள் என்று மாநில அதிகாரிகளே சொன்னார்கள். அதில் குறை காண எதுவும் இல்லை. எஞ்சிய சாலைகள் மீட்பு வண்டிகளுக்கும், அறைகள் வீடிழந்தவர்களுக்கும் மின்கம்பம் நட வந்தவர்களுக்கும் வேண்டியிருந்தன. சிக்கல் அதற்குப் பிறகு வந்தது. ‘வராதீர்கள்’ என்ற செய்தி பரவிய வேகத்தில் ‘வாருங்கள்’ என்ற செய்தி பரவுவதில்லை. மேட்டில் இருந்த நகர மையத்துக் கடைகள் வெள்ளத்துக்குத் தப்பின. அவ்வூரின் பெரிய ஈர்ப்பான பில்ட்மோர் மாளிகை நவம்பர் 2ஆம் தேதியே மறுபடி திறந்தது. தொலைக்காட்சி பார்த்தவர் மனதிலோ முழு மலைநாடும் சேறாகவே நின்றது.

நன்கொடை அனுப்பினால் போதாதா என்று கேட்கலாம். முதல் வாரங்களில் அதுதான் பெரிய உதவி. ஆனால் மாதாமாதம் சம்பளம் கொடுக்க வேண்டிய சிற்றுண்டிக் கடையை நன்கொடை தாங்காது. காப்பீடும் கைகொடுக்கவில்லை: கடற்கரையல்லாத அந்த மலை மாவட்டங்களில் வெள்ளக் காப்பீடு எடுத்திருந்த குடும்பங்கள் மிகச் சொற்பம். சிறுதொழில்களுக்கும் வீடுகளுக்கும் கடன் தரும் மத்திய அரசின் பேரிடர் நிதியோ அக்டோபர் நடுவிலேயே தீர்ந்துபோய், டிசம்பரில்தான் மீண்டும் நிரப்பப்பட்டது. கிடைத்தாலும் அது கடன்தான், திருப்பிக் கட்ட வேண்டும். வாங்க வருபவரின் பணத்துக்கு அந்தச் சுமை கிடையாது.

இன்னொரு மறுப்பு கனமானது. வரும் பணம் எங்கோ தலைமையகம் வைத்திருக்கும் பெரிய ஹோட்டல்களுக்குத்தானே போகும்? மேலும், சுற்றுலாதானே அவ்வூரில் வாடகையை ஏற்றி, அறை துடைப்பவரையே ஊருக்கு வெளியே தள்ளியது? இரண்டிலும் உண்மை உண்டு. பயணிகள் திரும்பி வருவதால் வாடகை இறங்கிவிடாது. அதற்கு வேறு கொள்கை வேண்டும், வருடங்கள் ஆகும். ஆனால் துடைக்க அறையே இல்லாதபோது அவருக்கு இந்த மாத வாடகையும் இல்லை. லாபம் வெளியே போனாலும் கூலி உள்ளூரில்தான் தங்குகிறது. மண்கிண்ணத்தைச் செய்தவரிடமே நேராக வாங்கினால் லாபமும் தங்கும். இடிந்த வீட்டின் முன் நின்று செல்ஃபி எடுப்பவரைப் பற்றிய கோபம் நியாயமே. அதற்காக அங்கே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறவரையும் சேர்த்துத் திட்ட வேண்டியதில்லை.

எப்போது போகலாம் என்பதற்கு மட்டும் ஒரே பதில் கிடையாது, ஏனென்றால் ‘திறந்துவிட்டது’ என்பது ஒரு வட்டாரம் முழுவதற்கும் ஒரே நாளில் நடப்பதில்லை. ஆஷ்வில் விருந்தினரை அழைக்கத் தொடங்கிய பிறகும், டென்னசிக்குப் போகும் 40ஆம் எண் நெடுஞ்சாலை பிஜன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் அறுந்தே கிடந்தது. 2025 மார்ச் 1 அன்றுதான் திசைக்கு ஒரு தடமாகத் திறந்தார்கள். சற்றுத் தொலைவில் சிம்னி ராக் பூங்கா ஜூன் கடைசிவரை மூடியிருந்தது. புளூ ரிட்ஜ் மலைச்சாலையைத் துண்டு துண்டாகவே திறந்தார்கள். ஆகவே மாநிலத்தின் பெயரைப் பார்த்து முடிவெடுக்காமல், போக நினைக்கும் ஊரும் பூங்காவும் சாலைத்துறையும் அந்த வாரம் என்ன அறிவித்திருக்கின்றன என்று தனித்தனியே பார்த்துவிட்டுத்தான் அறை பதிவு செய்ய வேண்டும்.