இரண்டு வாரம் இருமினால் சளியைச் சோதியுங்கள்

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் காசநோய்க்காரரைக் கண்டுபிடிப்பது எளிது. இருமுவார், கைக்குட்டையை விரித்துப் பார்ப்பார், அதில் ரத்தம் இருக்கும். அந்தக் காட்சி மனதில் தங்கிவிட்டதாலோ என்னவோ, ரத்தம் வராதவரை இது வெறும் சளிதான் என்று நம்மில் பலர் இருந்துவிடுகிறோம். ஆனால் டி.பி. வந்த எல்லாருக்கும் சளியில் ரத்தம் வருவதில்லை. வருபவர்களுக்கும் பெரும்பாலும் நோய் முற்றிய பிறகே வருகிறது.

2019 முதல் 2021 வரை நாடு முழுவதும் காசநோய்ப் பரவல் ஆய்வு ஒன்று நடந்தது. அதை முன்னின்று நடத்தியது சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அறிகுறி இருந்தவர்களில் 64 சதவீதம் பேர் எந்த மருத்துவரிடமும் போகவில்லை என்று அதில் தெரியவந்தது. இன்னொரு கணக்கு அதைவிட யோசிக்க வைக்கிறது. எக்ஸ்ரே எடுக்காமல் அறிகுறிகளை மட்டும் விசாரித்திருந்தால், கண்டறியப்பட்ட நோயாளிகளில் 42.6 சதவீதம் பேர் கண்ணில் படாமலே போயிருப்பார்கள். அவ்வளவு சத்தமில்லாமல் உடம்பில் இருக்கக்கூடிய நோய் இது.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்பது முதல் அடையாளம். சாயங்காலமானால் லேசாகக் காயும் உடம்பு, ராத்திரி தலையணை நனையும் அளவுக்கு வியர்வை, பசியின்மை, காரணமில்லாமல் குறையும் எடை, நெஞ்சுவலி ஆகியவையும் சேரலாம். எல்லாம் ஒன்றாக வரவேண்டும் என்பதில்லை. சர்க்கரை நோயாளிகளுக்கு டி.பி. வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். எடை குறைந்தால் 'சுகர் ஏறியிருக்கும்' என்று அவர்களே சமாதானம் சொல்லிக்கொள்வதால் நோய் இன்னும் தாமதமாகத்தான் பிடிபடுகிறது.

நுரையீரலுக்கு வெளியேயும் டி.பி. வரும். கழுத்தில் வலியில்லாமல் நெறி கட்டும். முதுகெலும்பு, வயிறு, கருப்பை, மூளையுறை என்று எங்கும் தங்கும். அங்கெல்லாம் சளியைச் சோதித்துப் பயனில்லை. நோய் இருக்கும் இடத்திலிருந்து ஊசியால் உறிஞ்சியோ திசுவை வெட்டியெடுத்தோதான் பார்க்க வேண்டும்.

தாமதம் பெரும்பாலும் மெடிக்கல் ஷாப்பில்தான் தொடங்குகிறது என்பேன். முதலில் ஒரு பாட்டில் இருமல் மருந்து, பிறகு இன்னொரு பாட்டில், அதற்கும் கேட்காவிட்டால் 'கொஞ்சம் ஸ்ட்ராங்காக' ஒரு ஆன்டிபயாட்டிக். லெவோஃப்ளாக்சசின் போன்ற சில ஆன்டிபயாட்டிக்குகள் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். இருமல் தணியும், ஆள் தெம்பாவார், நோய் உள்ளேயே இருக்கும். மீண்டும் தலைகாட்டும்போது சில மாதங்கள் வீணாகியிருக்கும். அதற்குள் வீட்டில் வேறு யாருக்காவது தொற்றியிருக்கலாம்.

பரிசோதனை கடினமானதல்ல. ஆனால் அதில் பாதி நம் கையில் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூடியுள்ள சிறிய டப்பா தருவார்கள். அதில் எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் ஒன்றும் தெரியாது. வாயைக் கொப்பளித்துவிட்டு, மூச்சை இரண்டு மூன்று முறை ஆழமாக இழுத்து, அடிநெஞ்சிலிருந்து காறி எடுக்கும் கெட்டிச் சளிதான் வேண்டும். வழக்கமாக இரண்டு மாதிரிகள் கேட்பார்கள். அவற்றில் ஒன்று காலையில் எழுந்ததும் எடுப்பது. இரவெல்லாம் தேங்கிய சளியில் கிருமி அதிகம் இருக்கும். வீட்டுக்குள் உட்கார்ந்து காறாதீர்கள். திறந்தவெளியில், பக்கத்தில் யாரும் இல்லாத இடத்தில் எடுங்கள்.

மைக்ராஸ்கோப்பில் கிருமி தெரிய வேண்டுமானால் ஒரு மில்லி சளியில் குறைந்தது 5,000 முதல் 10,000 வரை இருக்க வேண்டும். ஆகவே அதில் 'நெகட்டிவ்' வந்தால் நோயே இல்லை என்று அர்த்தமாகாது. சிபிநாட், ட்ரூநாட் கருவிகள் கிருமியின் மரபணுவைத் தேடுபவை என்பதால் அதைவிடக் குறைந்த எண்ணிக்கையையும் பிடித்துவிடும். முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் சில மணி நேரத்தில் சொல்லிவிடும். அதனால் மாத்திரை தொடங்கும் முன்பே இந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். அரசு மருத்துவமனையில் இதற்குக் காசு இல்லை.

ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைப் பார்த்து டி.பி. என்று சொல்லும் சோதனைகளை 2012இலேயே மத்திய அரசு தடை செய்துவிட்டது. அவை தவறான முடிவுகளைத் தந்துகொண்டிருந்தன. கையில் ஊசி போட்டுப் பார்க்கும் மான்டோ சோதனையால் கிருமி எப்போதோ உடம்புக்குள் வந்ததா என்றுதான் ஊகிக்க முடியும், இப்போது நோய் இருக்கிறதா என்று சொல்ல முடியாது.

டி.பி. என்று தெரிந்தால் ஊர் என்ன சொல்லும், பெண்ணுக்கு வரன் வருமா என்ற பயத்திலேயே சோதனையைத் தள்ளிப்போடும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அந்தப் பயத்துக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. எழுத்தாளர் புதுமைப்பித்தன் 1948இல் இந்த நோயில்தான் இறந்தார். எட்டே ஆண்டில், 1956இல், சென்னையில் ஓர் ஆய்வு மையம் தொடங்கியது. நெருக்கடியான வீடுகளில் இருந்தபடியே மாத்திரை சாப்பிட்ட ஏழை நோயாளிகளும் சானடோரியத்தில் சேர்க்கப்பட்டவர்களுக்கு இணையாகவே குணமாகிறார்கள் என்று 1959இல் அது காட்டியது. வீட்டாருக்கும் அதனால் கூடுதல் ஆபத்து இல்லை. உலகமே சானடோரியங்களைக் கைவிட்டதற்கு இந்த மெட்ராஸ் ஆய்வு ஒரு முக்கியக் காரணம்.

இன்று சாதாரண டி.பி.க்கு ஆறு மாத மாத்திரை போதும். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், அது மருந்தின் நிறம்தான். சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். நோய் உறுதியானதும் எடை, மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, எழுந்து நிற்க முடிகிறதா என்பதையெல்லாம் பார்த்து, மோசமானவர்களை உடனே வார்டில் சேர்க்கும் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' தமிழ்நாட்டில் 2022 முதல் நடக்கிறது. அந்த உதவியும் நேரத்தோடு வந்தவர்களுக்குத்தான் முழுதாகப் பயன்படும்.

உங்கள் வீட்டில் இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவர் இருந்தால், அடுத்த பாட்டில் மருந்து வாங்காமல் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். விவரம் கேட்க 1800-11-6666 என்ற இலவச எண் இருக்கிறது.